எட்டு லிங்கமும் ஒரு ஊமைச்சியும்

அண்ணாமலையைச் சுற்றிவரப் பரசுராமனின் ஜட்காவில் ஏறினால் எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதைக் குதிரையே முடிவு செய்யும். அக்னி லிங்கத்துக்கு எதிரே தானாக நிற்கும். எம லிங்கத்தில் நிற்கும். மலை மாடு படுத்தது மாதிரித் தெரிகிற வளைவில் நிற்கும். அங்கே பரசுராமன் சாட்டைக் கம்பை நீட்டி, "லுக் சார், நந்தி. ஹெட், பேக், டெயில். போட்டோ எடு" என்பான். வெள்ளைக்காரன் எடுப்பான். வால் எங்கே என்று ஒரு வெள்ளைக்காரனும் கேட்டதில்லை. மலை ஐந்து தலையாகப் பிரிந்து தெரிகிற இடத்தில், "பைவ் பேஸ், சிவா" என்பான். அதையும் எடுப்பார்கள். வெறுங்காலோடு நடந்து சுற்றுகிற உள்ளூர்ச் சனங்கள் வண்டி கிளப்பும் புழுதியைத் தின்றபடி ஓரமாக ஒதுங்கிப் போவார்கள்.

எட்டு லிங்கமும் பார்த்தாகிவிட்டால் சுற்று முடிந்தது. மற்ற ஜட்காக்காரர்களுக்கு அவ்வளவுதான். பரசுராமனின் குதிரை மட்டும் நடுவில் அடி அண்ணாமலை ஊருக்குள் திரும்பி, ஓர் ஓட்டு வீட்டின் பின்பக்கம் போய் நிற்கும். புளியமரத்தடியில் வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். முப்பது வயதுகூட இருக்காது. எண்ணெய் காணாத தலைமயிர் கயிறு கயிறாகத் திரிந்து தோளில் கிடக்கும். பரசுராமன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

"நோ டாக், சார். த்ரீ இயர். ஹஸ்பெண்ட் நோ, பேபி நோ. ஆல் லெப்ட். ஒன்லி மவுண்டன்."

அவள் அவனுடைய கூடப் பிறந்த தங்கை, ஆதிலட்சுமி. அவள் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. எல்லாமே அவளிடமிருந்து பிடுங்கப்பட்டவை.

கீழ்பென்னாத்தூரில் சின்னசாமிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பெண், அதற்கு அடுத்து ஓர் ஆண். எழுபத்தாறு சித்திரையில் ஆண் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. சாயங்காலத்திலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று அவள் கத்தினாள். சூட்டுக்கு எல்லாக் குழந்தைக்கும் போவதுதான் என்று சொல்லிவிட்டுச் சின்னசாமி துண்டை விரித்துப் படுத்தான். அவள் விடவில்லை. எழுந்து வந்து கன்னத்தில் அறைந்து, "வாய மூடுடி" என்றான். மூடினாள். விடியும்போது குழந்தை செத்திருந்தது. அழ வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பிறகும் வரவில்லை.

ஊமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று மூன்றாம் மாதமே சின்னசாமி அவளை அனுப்பிவிட்டான். பெண் குழந்தை வள்ளிக்கு அப்போது இரண்டு வயது. பரசுராமன் போய் அந்த ஊரைக் கூட்டினான். பெரியதனக்காரர் அப்பாதுரை தீர்ப்புச் சொன்னார். "பொம்பளப் புள்ளைய ஊமகிட்ட உட்டா அதுக்குப் பேச்சு எவன் கத்துக்குடுப்பான்? அவ வாயால எம்மவள குடுன்னு கேக்கட்டும். அன்னிக்கே தூக்கிக் குடுத்துடறோம்." பரசுராமன் அந்தப் பேச்சையும் தங்கையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அவன்தான் அழுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

முதல் தடவை நடந்தது ஏமாற்று வேலை இல்லை. ஒரு நாள் வீட்டுப் பக்கம் வண்டியின் கடையாணி கழன்றது. அதைச் சரிசெய்கிற நேரத்தில், வண்டியில் வந்த வெள்ளைக்காரி தண்ணீர் கேட்டுப் பின்பக்கம் போனாள். ஆதிலட்சுமி புளியில் கொட்டை எடுக்கிற வேலையை அப்படியே மடியில் வைத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த பிள்ளையை நினைத்திருப்பாள், இல்லை ஒன்றையுமே நினைத்திருக்க மாட்டாள். வெள்ளைக்காரி எதிரே உட்கார்ந்தவள் வெயில் இறங்கும்வரை எழவில்லை. எழுந்தபோது முகமெல்லாம் கண்ணீர். மறுநாள் இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இதில் காசு இருப்பது பரசுராமனின் பெண்டாட்டி வேதாவுக்குத்தான் முதலில் புரிந்தது. கூரை வீட்டில் மழைக்கு மூன்று பாத்திரம் வைத்துக்கொண்டு, கொள்ளு வேகவைத்தால் குதிரைக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று பிரித்தவள் அவள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழுகிறது. ஆனால் குதிரைக்குப் போட்ட கொள்ளில் கை வைத்துத் தின்றவள் அவள், நானில்லை. அவள் விதிகள் போட்டாள். வெள்ளைப் புடவை. தலைக்கு எண்ணெய் கிடையாது, சீப்பு கிடையாது. மல்லாட்டைக் கடலை பிடுங்கவோ களை வெட்டவோ போகக் கூடாது. கருவாடு செய்கிற நாளில் அதை வீட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு தின்ன வேண்டும். வெள்ளைக்காரன் விழுந்து கும்பிடுவதைப் பார்த்து உள்ளூர்ச் சனமும் கற்பூரத்தோடு வர ஆரம்பித்தது. இரண்டு வருஷத்தில் கூரை போய் ஓடு வந்தது.

எழுபத்தொன்பது ஐப்பசியில் விடாமல் மழை. வண்டி பூட்ட முடியாத மழை இல்லை, ஆனால் ஏறுவதற்கு ஆள் இல்லை. பரசுராமன் ஸ்டாண்டில் சும்மா நின்றுவிட்டு வரப் போயிருந்தான். வேதா கேழ்வரகுக் களி கிண்டி, கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஆதிலட்சுமி ஒரு வாய் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள்.

"உப்பு கம்மி, அண்ணி" என்றாள்.

மூன்று வருஷம் பூட்டியிருந்தது எப்படித் திறந்தது என்று படித்தவர்கள் காரணம் சொல்லலாம். குழம்பில் உப்பு கம்மியாக இருந்தது, சொன்னாள்.

வேதாவின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள்ளேயே விழுந்தது. அவள் எழுந்து போய் முதலில் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா சொல்லு."

"உப்பு கம்மின்னேன்." குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

"அடி என் கண்ணு!" வேதா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "மெதுவா பேசு. பக்கத்து வூட்டுக்குக் கேக்கப் போவுது" என்றாள்.

"கேக்கட்டுமே. வள்ளிய கூட்டியாரணும் அண்ணி. வாயால கேக்கச் சொன்னாங்க இல்ல? நான் கேக்கறேன்."

வேதா குழம்பில் உப்பைப் போட்டுக் கலக்கினாள்.

பரசுராமன் நனைந்து வந்து சேணத்தை ஆணியில் மாட்டும்போது, "அண்ணா, நாளைக்கி கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறலாமா?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "ஏ வேதா, பேசிட்டாடி! எந்தங்கச்சி பேசிட்டாடி!" என்று கத்தினான். பிறகு பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"தீபம் வருது" என்றாள் வேதா.

"வரட்டும். அதுக்கு இன்னா?"

"இன்னாவா? லாட்ஜு பூராவும் வெள்ளக்காரன் ரொம்பிப் போவான். அவன் இன்னாத்துக்கு உன் வண்டில ஏறுறான்? உன் மூஞ்சியப் பாக்கவா? நந்தியும் அஞ்சு தலையும் எல்லா ஜட்காக்காரனுந்தான் காட்டுறான்."

"அண்ணி, நான் இங்கதான் இருக்கறேன்" என்றாள் ஆதிலட்சுமி. "எனக்குக் காதும் கேக்குது. அப்பவும் கேட்டுச்சி."

"கேக்கட்டும்னுதான் சொல்றேன். நீ பேசிட்டன்னு தெரிஞ்சா நாளைலருந்து ஒரு நாயும் இந்தப் பக்கம் வராது. உம்மவ வந்து இன்னாத்த துன்னும்? எம்புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

"நான் மல்லாட்டை புடுங்கப் போறேன். களை வெட்டறேன். நாத்து நடறேன்."

"எவன் கூப்புடுவான் உன்னிய? ஊரே உங்காலுல உழுது. சாமியக் கூப்ட்டு எவனாவது களை வெட்டச் சொல்லுவானா?"

பரசுராமன் ஈரத் துண்டை முறுக்கிப் பிழிந்தபடி இருந்தான். தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் முறுக்கினான்.

"ஆதி, வேதா சொல்றதுல பாதி நாயம் இருக்குது. மூணு வருசம் பொறுத்துட்ட. தீபம் வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"மூணு வருசம் நான் பொறுக்கலண்ணா. பேச வரல."

"சரி, வரலன்னு வெச்சுக்க. தீபம் முடிஞ்ச மறுநாளு நானே ஊரக் கூட்டறேன். தோ, மலை மேல சத்தியம்." கையைக் கதவுப் பக்கம் நீட்டினான். கதவு சாத்தியிருந்தது. மலை தெரியவில்லை.

அவள் ஒப்புக்கொண்டாள். பேசத் தெரிந்த ஒருத்தி ஊமையாக உட்காருவது அதற்கு முன்னால் உட்கார்ந்தது மாதிரி இல்லை. எறும்பு கடித்தால், "ஸ்" என்று வரும். வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று எதிரே தவழ்ந்தால் வாய் துடிக்கும். அதைப் பார்த்துவிட்டு, "லுக் சார், லிப் மூவிங், மந்த்ரா" என்பான் பரசுராமன். கையில் ஜெபமாலை வைத்திருந்தவர்கள் அதைக் கேட்டு இன்னும் நெருங்கி உட்காருவார்கள்.

தீபம் ஏற்றினார்கள். ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கையெடுத்தது. மறுநாள் ஆதிலட்சுமி துணிமணியை மஞ்சள் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். "கூட்டம் இன்னும் கலையல" என்றான் பரசுராமன். கலைந்தது. "மார்கழி பொறந்திருச்சி. இந்த மாசத்துல எவன் பேச்சு எடுப்பான்?" என்றான். தை பிறந்தது. "அறுப்பு நேரம். பெரியதனக்காரரு களத்துல இருப்பாரு" என்றான். மஞ்சள் பை ஆணியிலேயே தொங்கியது. அவள் கேட்பதை நிறுத்தினாள். அவன் அதை நல்லது என்று எடுத்துக்கொண்டான்.

பொங்கல் முடிந்த வாரம் இரண்டு ஜட்கா நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒருவன் கையில் டேப் ரிக்கார்டர். காற்றுச் சத்தத்தையும் மலைச் சத்தத்தையும் பிடித்துக்கொண்டு போகிறானாம். மௌனத்தையும் பிடிக்கலாம் என்று பரசுராமன் அவனை முன்வரிசையில் உட்கார வைத்தான். கருவி சுற்றத் தொடங்கியது.

ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள். "எம்புள்ளைய எங்கிட்ட குடுங்க."

கருவி சுற்றிக்கொண்டே இருந்தது. பரசுராமன் அவளை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"வள்ளின்னு பேரு. அஞ்சு வயசு. கீழ்பென்னாத்தூர்ல அவ அப்பன் வெச்சிக்கினு இருக்கான். நான் ஊமை இல்ல. சாமியும் இல்ல. என்னியக் கூட்டினு போயி எம்மவளக் குடுங்க."

ஒரு வெள்ளைக்காரி விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள். டேப்காரன் பரசுராமனின் கையைப் பிடித்து, "வாட் டஸ் ஷி சே? ப்ளீஸ், வாட் டஸ் ஷி சே?" என்று கேட்டான். எல்லா முகமும் பரசுராமன் பக்கம் திரும்பியது.

"அம்மா சேயிங்... ஆல் பீப்பிள் மை சில்ரன். கம் டு மீ. ஐ ஆம் மவுண்டன்."

"ஏய், இன்னா சொல்ற நீ அவங்ககிட்ட?" அவள் எழுந்துவிட்டாள். "பொய்யி சொல்றான்! எம்மவ! எம்மவ!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். கத்தக் கத்த அவர்கள் தரையில் விழுந்தார்கள். அழுதவள் தவழ்ந்து வந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆதிலட்சுமி காலை உதறினாள். உதறின கால் முகத்தில் பட்டதையும் அந்தப் பெண் பாக்கியமாக எடுத்துக்கொண்டாள்.

வந்தவர்கள் போன பிறகு பரசுராமன் குதிரைத் தொட்டியோரம் குந்தியிருந்தான். வேதா சமையலறையிலிருந்து வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

"இவ வாயத் தொறந்தா எல்லாம் பூடும்னு நெனச்சேன். தொறந்தா இன்னும் ஜாஸ்தியா உழுவறாங்க. பாத்தியா?"

"வாய மூடு வேதா."

"நான் இன்னாத்துக்கு மூடணும்? ஆதி, இனிமே நீ கஷ்டப்பட வேணாம். பேசு. அந்தப் புள்ளையக் கேக்கற பாரு, அதையே கேளு. மார்ல அடிச்சிக்கினு கேட்ட பாரு, எனக்கே அழுவாச்சி வந்துச்சி."

மறுநாள் காலை வேதா குதிரை லாயத்தில் லத்தி வாரும்போது, ஆதிலட்சுமி கொடியில் கிடந்த வேதாவின் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். திரிந்த தலையைச் சீப்பால் இழுத்துப் பார்த்தாள். சீப்புதான் உடைந்தது. முந்தானையைப் போர்த்திக்கொண்டாள்.

பஸ்ஸில் முந்தானை சரிந்தது. கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி சடையைப் பார்த்தாள், எழுந்தாள். "அடி அண்ணாமலை அம்மாடி!" இரண்டு பேர் உட்காருகிற சீட்டு முழுக்கக் காலியானது. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. "எனக்கு டிக்கெட்டு குடுங்க" என்று அவள் கேட்டபோது தன் டிக்கெட் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தான். அவளை யாரும் தொடவில்லை, யாரும் பேசவுமில்லை. வழி நெடுக அறுத்த வயலில் மாடுகள் மேய்ந்தன.

அப்பாதுரை நெல் மிஷின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு அவர் துண்டை இறக்கியது அதுதான் முதல் தடவை.

"பெரியவரே, உக்காருங்க. வாயால கேக்கச் சொன்னீங்க. கேக்க வந்திருக்கறேன். எம்மவ வள்ளிய எங்கிட்ட குடுங்க."

மிஷின் நின்றது. தவிட்டு மூட்டை தூக்கினவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். யாரோ ஓடிப் போய்ச் சின்னசாமியைக் கூட்டி வந்தார்கள். அவன் இன்னொருத்தியைக் கட்டியிருந்தான். அவளுக்கு நிறைமாதம். ஆடுகளை ஓட்ட வீட்டில் வள்ளியைத் தவிர ஆள் இல்லை. அவன் ஆதிலட்சுமியை ஏற இறங்கப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு, பவ்வியமாக அப்பாதுரையிடம் திரும்பினான்.

"குடுக்கறதுக்கு எனக்கு இன்னா தடங்கலுங்க? ஆனா துறந்தவங்களுக்குப் புள்ள ஏதுங்க? புருசன், புள்ள எல்லாத்தையும் உட்டுட்ட சாமின்னு சீமையிலிருந்து வந்து கும்புடறாங்க. இவங்க அண்ணனே அப்பிடித்தான் சொல்றான்."

"அவன் பொய்யி சொல்றான்" என்றாள் ஆதிலட்சுமி. "வவுத்துக்காகச் சொல்றான்."

அடுத்த பஸ்ஸில் பரசுராமன் வந்து இறங்கினான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவனை அப்பாதுரை நிறுத்தினார்.

"பரசுராமா, ஒரு வார்த்த சொல்லு. அதுப்படி செஞ்சுடறோம். தங்கச்சி எல்லாத்தையும் துறந்தவங்களா, இல்லியா?"

பரசுராமன் மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றி மாட்டத் தொடங்கினான்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லுப்பா. இப்பவே புள்ளையக் கையில குடுத்தனுப்பறோம். ஆனா சாமின்னு சொல்லி இம்மாம் பேர காலுல உழ வெச்சியே, எங்க வூட்டுப் பொம்பளைங்க கர்ப்பூரம் எடுத்துக்கினு நடந்து வந்தாங்களே, அதுக்கும் ஒரு பதிலு சொல்லிட்டுப் போவணும். அப்பால அண்ணாமலையில நீ வண்டி கட்டிடுவியா?"

சின்னசாமி தலையைக் குனிந்து சிரித்தான். கூட்டத்தில் ஒருவன், "செருப்பால அடிப்பாங்க" என்றான்.

"அண்ணா" என்றாள் ஆதிலட்சுமி. "சொல்லு. நான் களை வெட்டிக் கஞ்சி ஊத்தறேன் உனக்கு. உம்புள்ளைங்களுக்கும் ஊத்தறேன். சொல்லுண்ணா."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கால் கட்டை விரலைப் பார்த்தபடி, சுற்றுலாக்காரர்களிடம் பேசுகிற அதே தாழ்ந்த குரலில் சொன்னான்.

"சாமிதாங்க."

"அப்ப, குடுன்னு கேட்டது?"

"சோதிக்கறாங்க. அப்பிடித்தான் சோதிப்பாங்க."

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. ஒருத்தி ஓடிப் போய்த் தட்டில் கற்பூரம் கொண்டுவந்தாள். ஆதிலட்சுமி கத்தினாள். பேசக் கற்ற எல்லா வசவையும் கத்தினாள். அண்ணனை, புருஷனை, பெரியதனக்காரரை, அவர்களைப் பெற்றவர்களை எல்லாம் திட்டினாள். திட்டு வாங்கினவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "உக்கிரமா இருக்காங்க" என்று அப்பாதுரை பின்னால் நகர்ந்து நின்றார்.

"புள்ளையக் கூட்டியாங்கப்பா. ஆசீர்வாதம் வாங்கிக்கட்டும்" என்றார்.

வள்ளியைக் கூட்டி வந்தார்கள். முழங்காலுக்கு மேலே ஏறின பாவாடை, கையில் ஆடு ஓட்டும் குச்சி, மூக்குச் சளி. ஆதிலட்சுமியின் நெற்றியும் தாடையும் அப்படியே அவளுக்கு இருந்தன. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

ஆதிலட்சுமியின் கத்தல் நின்றது. மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "வள்ளி, அம்மாடி. வாடி. நான்தான் உன்னியப் பெத்தேன்."

குழந்தை சடையைப் பார்த்து மிரண்டு, சின்னசாமியின் வேட்டிக்குப் பின்னால் போனது. அவன் கழுத்தைப் பிடித்து முன்னால் தள்ளினான். "சாமிடி. உழுந்து கும்புடு."

வள்ளி குச்சியைக் கீழே வைத்தாள். இடுப்பில் பாவாடையைச் செருகிக்கொண்டு, நீட்டிய கைகளுக்கு எட்டாத தூரத்தில் மண்ணில் குப்புற விழுந்தாள். எழுந்தபோது நெற்றியில் தவிடு ஒட்டியிருந்தது. குச்சியை எடுத்துக்கொண்டு அப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கும்புட்டுட்டேன். ஆட்டாண்ட போவட்டா?"